சாலையில் நின்ற அந்த ஒரு நிமிடம்: நெரிசல் குறைய என்ன வேண்டும்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

காலாங் கரை

2013 டிசம்பர் 30, திங்கட்கிழமை. சிங்கப்பூரில் மரினா கரையோர விரைவுச்சாலை திறந்த மறுநாள். அன்று காலை அதற்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. என் மாமனாருக்குக் காலை ஒன்பது மணிக்குக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சாலையின் சுரங்கத்தில் சுமார் 420 மீட்டர் கடலுக்கு அடியில் போகிறது என்று படித்திருந்த அவர், வண்டி நின்ற ஒவ்வொரு முறையும், “இப்போது நம் தலைக்கு மேல் தண்ணீரா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நா வறண்டுவிட்டது.

நகர மையத்துக்கு ஏறும் வழியின் மேட்டுக்கு வந்த பிறகுதான் காரணம் கண்ணில் பட்டது. அங்கே இருந்தது ஒரு சாதாரணப் போக்குவரத்து விளக்கு. பச்சை விழுந்தது, ஏழு கார்கள் சென்றன, சிவப்பு விழுந்தது. மறுபடியும் எண்ணினேன், மறுபடியும் ஏழுதான். திசைக்கு ஐந்து தடங்களுடன் இந்த நாட்டில் முதன்முதலாகக் கட்டப்பட்ட விரைவுச்சாலை, ஏழு கார் போகும் அந்தப் பச்சைக்காகக் காத்துக் கிடந்தது. அடுத்த சில நாள்களில் பச்சையின் நேரத்தைக் கூட்டியதும் வரிசை குறையத் தொடங்கியது. நம் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலையாக இருக்கிறது. இன்னொரு தடம் வேண்டும் என்று யார் சொன்னாலும், அந்தத் தடம் எந்த விளக்கில் போய் முடியும் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

தோ பாயோ மகள்

பச்சையைக் கூட்டினார்கள் என்கிறீர்கள். அந்த வினாடிகள் வேறொருவருடைய பச்சையிலிருந்துதான் வந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு 78 வயது. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து சந்தைக்குப் போகும் சந்திப்பில் ‘கிரீன் மேன் பிளஸ்’ இருக்கிறது. மூத்தோர் சலுகை அட்டையைக் கருவியில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து, கடப்பதற்கு 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதலாகக் கிடைக்கும். அன்று நான் முன்னதாகக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அம்மா பணப்பையில் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பச்சை மனிதன் எரிந்துவிட்டான். தேடுவதை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். இரண்டாவது தடத்தின் நடுவில் அவர் வந்தபோது, மீதமுள்ள வினாடிகளைக் காட்டும் எண் 4 ஆகியிருந்தது. அப்படியே நின்றுவிட்டார். கார்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முதலில் நின்ற டாக்சி பொறுமையாகக் காத்திருந்தது; அதற்குப் பின்னால் இருந்த வேன் ஒலி எழுப்பியது. கையைப் பிடித்து இக்கரை சேர்த்ததும், “உன்னைக் காக்க வைத்துவிட்டேனே” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

ஓட்டுநர் இருக்கை

திரு. காலாங் கரை, நீங்கள் கார்களை எண்ணினீர்கள். ஏழு கார் என்றால் பெரும்பாலும் எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். நான் 31 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன். நிற்க இடமில்லாமல் நிறைந்த ஈரடுக்குப் பேருந்து என்றால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்.

2007ஆம் ஆண்டு, மழை பெய்த ஒரு மாலை, அப்பர் சிராங்கூன் சாலை. ஆள்களை ஏற்றிக்கொண்டு நிறுத்தத்திலிருந்து வெளியேற வலப்பக்க விளக்கைப் போட்டேன். யாரும் விடவில்லை. முன்வாசல் அருகே நின்ற பள்ளி மாணவி ஒருத்தி வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள், 23 வரை எண்ணிவிட்டு, “அங்கிள், நாம் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டாள். என் கதை இவ்வளவுதான்.

2008 இறுதியில்தான் பேருந்துக்கு வழிவிடும் விதி வந்தது. நிறுத்தத்தின் வெளிவாயில் அருகே சாலையில் மஞ்சள் கட்டம் இருந்தால், நீங்கள் வேகம் குறைத்துப் பேருந்தை வெளியேற விட வேண்டும். இது தயவு அன்று, சட்டம். சாதாரணப் பேருந்துத் தடம் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் பேருந்துக்கு உரியது. மற்ற நேரத்தில் எல்லாருக்கும் பொது. 9.25க்கு உள்ளே நுழைந்துவிட்டு ஐந்து நிமிடம்தானே என்று சொல்லாதீர்கள். இரண்டு தடங்கள் ஒன்றாகும் இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே ஒரே வரிசையில் போய் ஒட்டிக்கொள்வதும் தவறு, கடைசி நொடியில் மூக்கை நுழைப்பதும் தவறு; இரண்டு தடங்களையும் முடிவு வரை பயன்படுத்தி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போனால் வரிசையின் நீளம் பாதியாகும். முன்வண்டியிலிருந்து இரண்டு வினாடி தொலைவு விடுங்கள். நீங்கள் ஒட்டிக்கொண்டு போய்ச் சட்டென்று பிரேக் பிடித்தால், பின்னால் வருபவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் அதைவிட அழுத்துவார். பதினைந்தாவது வண்டி முழுதாக நின்றுவிடும். விபத்தே இல்லாமல் மத்திய விரைவுச்சாலையில் நாம் நிற்பதற்குப் பல நாள்களில் இதுதான் காரணம். எதிரே இடமில்லை என்றால் சந்திப்பில் மஞ்சள் கோடுகளால் வரைந்த பெட்டிக்குள் நுழையவே நுழையாதீர்கள்.

தோ பாயோ சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவின் அட்டையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். பச்சை ஏற்கெனவே எரிந்தால் இறங்க வேண்டாம், அடுத்த பச்சைக்கு நிற்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் இந்தப் பதற்றமே இருக்காது.

தோ பாயோ மகள்

ஐயா, அம்மா பத்து நிமிடம் அல்ல, அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறவர். கயிறு மாட்டியும் பார்த்துவிட்டோம். நான் எழுதியது அட்டையைப் பற்றியதன்று. நீங்கள் பேருந்தில் எண்ணும் தலைகளோடு, சாலையின் நடுவில் நிற்கும் ஒரு தலையையும் எண்ண வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

பழைய எழுத்தர்

நெரிசலைக் குறைக்க வழி தேடுகிறவர்கள் 1975ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி முதல், காலையில் நகர மையத்துக்குள் கார் ஓட்டி வர 3 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தாள் உரிமம் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. காரில் நான்கு பேர் இருந்தால் உரிமம் தேவைப்படவில்லை.

நான் அப்போது நகர மையத்தில் ஷென்டன் வேயில் எழுத்தர். பேருந்து நிறுத்தத்தில் நின்ற என்னையும் இன்னும் இருவரையும் பார்த்து ஒரு சீனப் பெரியவர் காரை நிறுத்தினார். மூன்று விரல்களைக் காட்டினார். ஏறினோம். எல்லைப் பலகையின் கீழே வாகனம் மெதுவாகச் சென்றபோது, சீருடையில் நின்ற பெண் அதிகாரி குனிந்து எங்கள் தலைகளை எண்ணியது இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு மாதங்கள் தினமும் அதே கார், அதே நேரம், அதே மூவர். காசு வாங்கியதில்லை. அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.

1989இல் அந்த நால்வர் சலுகை நின்றது. 1998இல் தாளுக்குப் பதில் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. கட்டணம் வேலை செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023இல் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமம், 150,000 வெள்ளியைத் தாண்டிய பிறகும் ஒரே ஆளோடு செல்லும் கார்களைப் பார்க்கிறேன். ஆள் நிறைந்த காருக்குச் சலுகை தரும் அந்த ஏற்பாட்டை, இன்றைய கருவிகளோடு மீண்டும் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இரவுப்பணி

நான் புதுக்கோட்டைக்காரன். இங்கே ஆறு ஆண்டுகளாக இரவில் சாலையை அறுத்து, போக்குவரத்து விளக்குக்கான கம்பிச்சுற்று பதிக்கும் வேலை பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் பேசும் பச்சைக்குக் கண் சாலைக்கு அடியில்தான் இருக்கிறது. நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்பாகத் தாரில் நீள்சதுரமாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அதற்குள் நாங்கள் சுற்றி வைத்த கம்பி இருக்கும். அதன்மேல் வண்டி வந்தால்தான் அந்தத் தடத்தில் ஆள் காத்திருக்கிறார் என்று விளக்குக்குத் தெரியும்; எவ்வளவு நேரம் பச்சை தருவது என்பதையும் அந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்கிறது.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி. நாங்கள் அறுத்துக்கொண்டிருந்த தடத்துக்கு எதிரே, வலப்பக்கம் திரும்பும் தடத்தில் ஒரு கார் தனியாக நின்றது. கோட்டுக்கு இரண்டு கார் நீளம் பின்னால் நின்றது. நேர்ப்பாதைக்குப் பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. அவருக்கு மட்டும் அம்பு வரவே இல்லை. மூன்றாவது முறை அவர் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். பின் இருக்கையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். நான் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் முன்னே வரச் சொல்லிச் சைகை காட்டினேன். சக்கரம் அந்தக் கோட்டின் மேல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பச்சை அம்பு விழுந்தது. அவர் கை தூக்கிக் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்பிச் சென்றார். அவர் அத்தனை நேரம் நின்றது நாங்கள் பதித்த கம்பிக்கு ஒரு வண்டி தூரத்தில் என்பதுதான் என்னால் மறக்க முடியாதது.

ஐந்து மணிக்குள் தடத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதால், அறுத்த பள்ளத்தில் பிசின் ஊற்ற நான் திரும்பிவிட்டேன்.