வன்னித் தூசியா, கமராவின் குறையா?

இரணைமடுவான் (கிளிநொச்சி)

எங்கள் பக்கத்தில் ஸ்டூடியோ நடத்தும் ஒரு தம்பி, கடன் எடுத்துப் புதிதாக வெளிவந்த கமரா ஒன்றை வாங்கினார். சில கலியாணங்கள் எடுத்து முடிப்பதற்குள் படங்களின் ஒரே மூலையில் கரும்புள்ளிகள் தோன்றத் தொடங்கிவிட்டன. விற்ற கடைக்குக் கொண்டுபோனார். "வன்னி முழுக்கக் கிரவல் புழுதி. அதற்குக் கமரா செய்தவன் என்ன செய்வான்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயரும் கமராவின் பெயரும் இங்கே வேண்டாம். என்னை வருத்துவது, தம்பி அந்தப் பதிலை நம்பிவிட்டார் என்பதுதான். தன் கைதான் சுத்தமில்லை என்று எண்ணிக்கொண்டு தலைகுனிந்து திரும்பி வந்தார்.

உலகமறிய நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். நிக்கோன் நிறுவனம் 2012 செப்டெம்பரில் டி600 கமராவை அறிமுகம் செய்தது. 24.3 மெகாபிக்சல், பெரிய சென்சர் (படத்தைப் பதியும் ஒளியுணரி), அந்த வகைக்கு அன்று சகாயமான விலை. சில வாரங்களிலேயே படங்களில் புள்ளி விழுகிறது என்று முறைப்பாடுகள் வந்தன. 2013 பெப்ரவரியில் நிறுவனம் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: தூசிப் புள்ளிகளை முற்றாக ஒழிப்பது கமராவின் அமைப்பினால் கடினம், அரிதாகச் சில கமராக்களில் அவை தெளிவாகத் தெரியலாம், கையேட்டில் உள்ளபடி சுத்தம் செய்யுங்கள், தீராவிட்டால் அருகிலுள்ள சேவை நிலையத்தை நாடுங்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், ஷட்டர் (சென்சருக்கு முன்னால் திறந்து மூடும் திரை) மாற்றப்பட்ட டி610 சந்தைக்கு வந்தது. 2014 பெப்ரவரியில்தான், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் டி600 இன் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற அறிவிப்பு வந்தது.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, வாங்கியவன் தன்னைத்தானே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தில் குறை வரலாம், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பழியை வாங்கியவன் தலையில் வைக்கும் அந்த முதல் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கருத்து என்ன?

திருத்தகம் (வவுனியா)

தம்பி, உங்கள் கோபம் விளங்குகிறது, ஆனால் நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இல்லை. என் மேசைக்கு வரும் "புள்ளி விழும்" கமராக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது வெளியிலிருந்து போன தூசிதான். சூடடிக்கும் வயல் வரம்பில் நின்று லென்ஸ் மாற்றுகிறார்கள். கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கமராவை வானம் பார்க்கத் திறந்து வைத்து லென்ஸ் மாற்றுகிறார்கள். பிறகு வாயால் ஊதுகிறார்கள். எச்சில் சென்சர் கண்ணாடியில் காய்ந்து கறையாகிறது. அந்தக் கறையோடு வந்து "புதுக் கமரா, நிறுவனத்தின் குறை" என்றால், நான் என்ன சொல்வது?

இதே முறைப்பாடு நூறு நாடுகளிலிருந்து ஒரு நிறுவனத்துக்குப் போகிறது. எது தூசி, எது உள்ளே பிறக்கும் துகள் என்று பிரித்தறியக் காலம் வேண்டாமா? அறிவதற்கு முன்பே "எங்கள் குறை" என்று ஒப்புக்கொள்ளும் பொறியியலாளன் பொறுப்பற்றவன். கடைசியில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கமராவை அனுப்பும் செலவும் திருப்பி அனுப்பும் செலவும் நிறுவனத்துடையது, ஷட்டரும் தொடர்புடைய பாகங்களும் புதியவை, உத்தரவாதக் கெடு பார்க்கவில்லை. நாம் வாங்கும் தண்ணீர்ப் பம்புக்கோ ரைஸ் குக்கருக்கோ இப்படி யார் செய்கிறார்கள்?

வற்றாப்பளையாள் (முல்லைத்தீவு)

வவுனியா அண்ணா, பிரித்தறிவது அவ்வளவு கடினமான காரியம் இல்லை. வெளியிலிருந்து வரும் தூசி ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறு வேறு இடங்களில் விழும். டி600 விடயத்தில் புள்ளிகள் குவிந்தது படத்தின் இடது மேல் பகுதியில். ஒருவருடைய கமராவில் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். அமெரிக்காவில் கமரா வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனம், தன்னிடமிருந்த டி600 கமராக்களில் இதே போக்கைக் கண்டு 2012 ஒக்டோபரிலேயே எழுதிவிட்டது. வாடகைக்கடைக்காரர் பல மாதிரிகளை ஒரே மேசையில் வைத்துத் துடைப்பவர். அவருக்கு ஒரு மாதத்தில் தெரிந்தது, கமராவைச் செய்தவர்களுக்கு மறு ஆண்டு பெப்ரவரி வரை தெரியவில்லை என்றால் நம்புவது எப்படி?

ஆல்பம் வேலை செய்பவள் நான். இந்தப் புள்ளிகளின் சுமை எங்கே வந்து விழுகிறது என்று யாரும் பேசவில்லை. இரவுக் கலியாணத்தில், மண்டபத்துக்குள், லென்ஸின் துளையை அகலத் திறந்து எடுக்கும்போது புள்ளி கண்ணில் படாது. மறுநாள் மணமக்களை இரணைமடுக் குளக்கட்டிலோ முல்லைத்தீவுக் கடற்கரையிலோ நிறுத்தி, துளையை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கி எடுப்பார்கள். படத்தின் மேல்பாதி வெறும் வானம். இடது மேல் மூலை என்பது அந்த வானம்தான். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளியாக அழிக்க வேண்டும். வானத்தில் அழித்தால் பரவாயில்லை. கூறைச் சேலையின் கரையில் விழுந்த புள்ளியை அழித்தால் சரிகை சிதைந்துவிடும். இந்த வேலைக்குத் தனியாக ஒரு சதம் யாரும் தருவதில்லை. "அரிதாகச் சில கமராக்களில்" என்று எழுதியவர்களின் கணக்கில் இந்த உழைப்பு இல்லை.

மாங்குளச் சந்தி

பிள்ளைகள் இரண்டு பேரும் நிறுவனத்தை ஏசுகிறீர்கள். வந்த உடனே வாங்க வேண்டும் என்ற அவசரத்தை யாரும் ஏசவில்லை. பக்கத்து ஸ்டூடியோக்காரன் வாங்கிவிட்டான் என்பதற்காக லீசிங் போட்டு வாங்குகிறார்கள். புதிய மாடல் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். குறை இருந்தால் அதற்குள் வெளியே வரும், விலையும் இறங்கும்.

குறை வராத நிறுவனம் எது? கெனனின் 5டி மார்க் 2 கமரா 2008 இறுதியில் வந்தபோது, இரவில் எடுத்த படங்களில் விளக்குகளுக்கு வலது பக்கத்தில் கரும்புள்ளி விழுந்தது. அடுத்த ஜனவரியிலேயே மென்பொருளைப் புதுப்பித்துத் தீர்த்தார்கள். லைக்கா எம்8, பெரும் பணக்காரர் வாங்கும் கமரா, 2006இல் வந்தது. அகச்சிவப்பு ஒளியைச் சரியாகத் தடுக்காததால் கறுப்புச் செயற்கை இழைத் துணி ஊதாவாகப் பதிந்தது. வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்தார்கள். நிக்கோனே 2014இல் டி750 வெளியிட்டு, அதில் ஒளிக்கீற்று வெட்டுப்பட்டு விழுகிறது என்று முறைப்பாடு வந்தபோது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே இலவசத் திருத்தம் அறிவித்தது. டி600இல் பட்ட அடியில் திருந்தியிருக்கிறார்கள். திருந்தியவனையும் சேர்த்து அடிப்பது சரியில்லை.

இரணைமடுவான் (கிளிநொச்சி)

ஐயா, நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டுகள் என் பக்கம்தான் பேசுகின்றன. கெனனின் புள்ளி மென்பொருளால் வந்தது, மென்பொருளால் போயிற்று. வற்றாப்பளைப் பொங்கல் இரவில் வரிசை விளக்குகளை எடுப்பவன்கூட வீட்டிலிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம். ஷட்டரில் உள்ள குறைக்கு அந்த வழி இல்லை. எத்தனை முறை துடைத்தாலும், ஷட்டர் ஓட ஓடப் புள்ளி மறுபடி வரும். அப்படிப்பட்ட குறைக்கு "துடைத்துப் பாருங்கள்" என்று மருந்து சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வருடம் பொறுங்கள் என்கிறீர்கள். எல்லோரும் பொறுத்தால் குறையை யார் கண்டுபிடிப்பது? முதலில் வாங்குபவன் தன் கடனில் நிறுவனத்துக்காகச் சோதனை செய்து கொடுக்கிறான். டி610 வந்த அன்றே டி600 இன் மறுவிற்பனை மதிப்புச் சரிந்தது. ஷட்டரை இலவசமாக மாற்றித் தந்தார்கள், சரிந்த மதிப்பை யார் தந்தார்கள்?

சீனாவில் நடந்ததையும் பாருங்கள். 2014 மார்ச் 15, நுகர்வோர் உரிமை நாள். அரச தொலைக்காட்சி டி600 பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. உடனே ஷங்காய் அதிகாரிகள் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டார்கள். அதன் பிறகு அங்கே புதிய கமரா மாற்றிக் கொடுப்பது வரை நிறுவனம் இறங்கி வந்தது. அதே கமரா, அதே குறை. பின்னால் பெரிய சந்தையும் அரசும் நின்றவனுக்கு ஒரு பதில், மற்றவனுக்கு இன்னொரு பதில்.

ஒட்டுசுட்டான் வழி

நீங்கள் பேசும் இலவசம் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து சேருமா என்று முதலில் பாருங்கள். இங்கே பாதிக் கமராக்கள் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் மாமா, சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தவை. மீதி, முகவர் வழியாக வராமல் கடைகளுக்கு வந்தவை. உத்தரவாதம் விற்ற நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்பது பல நிறுவனங்களின் விதி. "அருகிலுள்ள சேவை நிலையம்" நமக்குக் கொழும்பில், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கமரா அங்கே கிடக்கும் நாட்களில் கலியாணத்துக்கு எதைக் கொண்டுபோவது?

திருத்தகம் (வவுனியா)

தூரத்துக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. முகவரைத் தவிர்த்து மலிவாக வாங்கினால் அந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு. இதில் நான் மாறப்போவதில்லை.

நிறுவனங்கள் எப்போதும் ஒளிக்கின்றன என்று பேசுபவர்களுக்கு 2005ஐ ஞாபகப்படுத்துகிறேன். சோனி செய்த சிசிடி என்ற வகைச் சென்சர்களில் குறை இருந்தது. சூடும் ஈரப்பதனும் கூடினால் உள்ளிணைப்புகள் விட்டுப்போய், படம் கோணலாகும் அல்லது ஒன்றுமே பதியாது. அந்தச் சென்சர் கெனன், நிக்கோன், புஜிபில்ம், கொனிக்கா மினோல்டா என்று பலருடைய கமராக்களுக்குள் இருந்தது. எந்தெந்த மாடல் என்று பட்டியல் போட்டு இலவசமாக மாற்றித் தந்தார்கள். உத்தரவாதம் முடிந்த பழைய கமராக்களுக்கும் தந்தார்கள்.

வற்றாப்பளையாள் (முல்லைத்தீவு)

அண்ணா, அதே எடுத்துக்காட்டை நானும் பிடிக்கிறேன். சூடும் ஈரமும் என்றால் அது நம்முடைய காலநிலை. சித்திரை வெக்கையும் மார்கழி மழையும் வன்னியில் யாருக்குப் புதிது? அந்தப் பட்டியல் வெளிவந்திராவிட்டால், படம் பதியாத கமராவோடு போன ஒவ்வொருவருக்கும் "ஈரத்தில் வைத்தது உங்கள் பிழை" என்றுதான் கடையில் சொல்லியிருப்பார்கள். குறை இருக்கும் இடமும் காலநிலையும் ஒத்துப்போகும்போது பழியைத் திருப்புவது மிகச் சுலபம். தூசி உள்ள ஊரில் தூசிமேல் பழி, ஈரம் உள்ள ஊரில் ஈரத்தின்மேல் பழி. அதனால்தான் நம் ஊர்களுக்கு நிறுவனத்தின் ஒளிவுமறைவற்ற அறிவிப்பு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. அறிவிப்பு ஒன்று கையில் இருந்தால், கடைக்காரரின் மேசையில் அதை வைத்துப் பேசலாம். இல்லாவிட்டால் நம் சொல்லுக்கு எதிராக அவர் சொல்.

மாங்குளச் சந்தி

இது சரியான பேச்சு, பிள்ளை. ஆனால் அறிவிப்பு வரும்வரை கைகட்டி நிற்கச் சொல்கிறீர்களா? பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு பொருளும் வாங்காதீர்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நம்மவர்கள் கடையில் சண்டை பிடிப்பார்கள், எழுத்தில் ஒரு வரி கொடுக்க மாட்டார்கள்.

திருத்தகம் (வவுனியா)

அந்தத் தம்பிக்காக ஒரு வழி சொல்கிறேன். முதலில், இனிமேல் சென்சரை அவர் தொடக் கூடாது. காற்றடித்துத் தூசி போக்கும் புளோவரும் வேண்டாம். துளையை எஃப் 16க்குச் சுருக்கி, தெளிந்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ குவியம் தவறவிட்டு எடுத்து, அந்தப் படத்தைத் திருத்தாமல் வைத்திருக்கட்டும். பிறகு கமராவை என்னிடம் கொண்டுவரட்டும். நான் ஈரத்துடைப்பால் சுத்தம் செய்து, அப்போதே ஒரு படம் எடுத்துக் கொடுப்பேன். அதன்பின் லென்ஸைக் கழற்றவே கழற்றாமல், ஒரே லென்ஸோடு இரண்டு மூன்று கலியாணங்கள் எடுக்கட்டும். மறுபடி அதே மூலையில் புள்ளி வந்தால் அது வெளியிலிருந்து போனதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன். புள்ளி வராவிட்டால் கடைக்காரர் சொன்னதுதான் சரி. அதையும் எழுதித் தருவேன். அப்போது நீங்கள் கோபப்படக் கூடாது.

இரணைமடுவான் (கிளிநொச்சி)

எழுதித் தாருங்கள் அண்ணா, எந்தப் பக்கம் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சோதனையைக் கடை செய்திருக்க வேண்டும், நிறுவனம் செய்திருக்க வேண்டும். தன் கமராவில் குறை இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விற்றவனுக்கு உண்டு என்பதை நான் விடப்போவதில்லை. தம்பியின் பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்கிறது. கடைக்குக் கொடுக்கும் கடிதத்தை இன்றே எழுதுகிறோம், பிரதி ஒன்று அதிகார சபைக்கும் போகும். கமராவோடு அவரை வெள்ளிக்கிழமை வவுனியாவுக்கு அனுப்புகிறேன்.

வற்றாப்பளையாள் (முல்லைத்தீவு)

அவரிடம் ஏற்கெனவே உள்ள கலியாணப் படங்களை, புள்ளி அழிக்காத மூலக் கோப்புகளாகவே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திகதி வரிசையில் அடுக்கி, எந்தப் படத்திலிருந்து புள்ளி தொடங்கியது, எப்படிக் கூடியது என்று பார்த்து எழுதித் தருகிறேன். கடிதத்தோடு அதையும் இணையுங்கள்.