கண்ணிமை அரிப்பு: உங்களுக்குக் காரணமாக இருந்தது எது?

கண்மை, ஐலைனர், மஸ்காரா என்று கண்ணைத் தொடுகிற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த பிறகும் மேலிமை சிவந்து, தடித்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. தோல் மருத்துவர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே என் விரல்களைத்தான் பார்த்தார். நகப்பூச்சில் உள்ள ஃபார்மால்டிஹைடு ரெசின் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். விரலில் ஒரு தடிப்புகூட இல்லை; அங்கே தோல் கனமானது. இமைத் தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினாலே அதற்குப் போதும். ஜெல் நகப்பூச்சுக்கு மாறலாமா என்று கேட்டேன். அதிலுள்ள அக்ரிலேட்டும் இதே வேலையைச் செய்யக்கூடியது என்று சொல்லிவிட்டார். உங்களுக்கெல்லாம் எது காரணம் என்று எழுதுங்களேன்.

* * *

எனக்கு ஷாம்பு. உச்சந்தலையில் ஒன்றும் இல்லை. நுரை வழிந்த இமையிலும் காதோரத்திலும்தான் அரிப்பு. அதிலிருந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருள்தான் காரணம். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது இதைத்தான். பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது. கழுவிவிடும் பொருள்களில் குறைந்த அளவில் சேர்க்கலாம்.

அந்த ஷாம்புவைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தேன். பழகிய பொருளுக்குப் புதிதாக ஒவ்வாமை வருவது சாதாரணமாம். தொட்டவுடன் வராமல் ஓரிரு நாள் கழித்து வருவதால் பழி வேறு எதன் மீதாவது விழுந்துவிடுகிறது. நான் பாவம், தலையணை உறைகளையெல்லாம் மாற்றிப் பார்த்தேன்!

* * *

அப்பாவுக்கு மருந்தே வினையாகிப் போனது. கண் சிவப்புக்குப் போட்ட சொட்டு மருந்தில் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. சிவப்பு கூடக் கூட இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டார். கீழிமையிலிருந்து கன்னம் வரை, சொட்டு வழிந்த தடத்திலேயே தடிப்பு இறங்கியிருந்ததைக் கண்டுதான் மருத்துவர் சந்தேகப்பட்டார். நிறுத்தியதும் தணிந்தது.

* * *

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பை எடுத்து இமையில் தடவாதீர்கள். இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிவிடும். அதுதான் ஆபத்து, விட மனம் வராது. தொடர்ந்து தடவினால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம். எனக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். முதலில் சற்று எரிந்தது, பிறகு பழகிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட்தான் வழி. ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேறு வகை ஒவ்வாமைக்கானது. முதுகில் சிறு வில்லைகளை ஒட்டி 48 மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். எடுத்த பிறகும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்க்கிறார்கள், சில பொருள்கள் தாமதமாகவே முகம் காட்டும். அதுவரை முதுகு நனையக் கூடாது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கிரீம், மை, இமை மயிர் ஒட்டும் பசை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையில் வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் பொருளில் உள்ளது இல்லாமலும் போகலாம்.

* * *

யாரும் சொல்லாத ஒன்று: தங்க மோதிரம். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற கடினமான துகள் கலந்த முகப்பவுடரோ சன்ஸ்கிரீனோ மோதிரத்தில் உரசினால் தங்கம் நுண்துகளாக உதிர்ந்து இமைக்குப் போய்ச் சேருமாம். எனக்குச் சோதனையில் தங்கம் என்று வந்தபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மோதிரத்தைக் கழற்றிய பின்பும் இமை தெளியப் பல வாரங்கள் பிடித்தன. அதனால் ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டாம்.