மாசசூசெட்ஸில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம்: டவுன் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

கரிசல்காட்டான் (ஏப்ரல் 22)

வணக்கம். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன டவுனில் இருக்கிறோம். ஞாயிறு தமிழ் வகுப்புக் குடும்பங்கள் சேர்ந்து, ஜூலை 13 முதல் இரண்டு வாரம், காலை 9 முதல் 3 வரை ஒரு முகாம் நடத்தலாம் என்று கிளம்பினோம். பறை, சிலம்பம், பல்லாங்குழி, கொஞ்சம் தமிழ்ப் பேச்சு. வெள்ளிக்கிழமை பக்கத்து ஏரியில் குளியல். 32 பிள்ளைகள், அதில் 8 பேர் ஐந்தாறு வயது வாண்டுகள். லாபம் எதுவும் இல்லை, ஹால் வாடகைக்கு மட்டும் தலைக்குக் கொஞ்சம் வாங்குகிறோம்.

வாடகைக்குக் கேட்ட இடத்தில் "போர்டு ஆஃப் ஹெல்த் லைசென்ஸ் எங்கே?" என்றார்கள், அதாவது டவுன் சுகாதாரக் குழுவின் உரிமம். விண்ணப்பம் போட்டேன். "முழுமையாக இல்லை" என்று நேற்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டைரக்டர் தகுதி, ஹெல்த் கேர் கன்சல்டன்ட், பின்னணிச் சோதனை, அவசரத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் நேரே சிவப்புப் பேனாவில் வட்டம். நம் பிள்ளைகளை நாமே பார்த்துக்கொள்ள இத்தனை தேவையா? பெற்றோரிடம் ஃப்ளையர் போய்விட்டது, என்ன செய்வது?

மோர்க்குழம்பு

இதற்கு ஏன் இவ்வளவு தலைவலி? முகாம் என்று போடாமல் "பயிற்சிப் பட்டறை" என்று ஃப்ளையரை மாற்றிவிடுங்கள். லைசென்ஸ் கேள்வியே வராது.

ஏரிக்கரை அக்கா

அந்த வேலை வேண்டாம் தம்பி. நான் ஆறு வருடமாக ஒரு பகல்நேர முகாமில் அலுவலக வேலை பார்க்கிறேன். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை போட்ட 105 சிஎம்ஆர் 430 என்ற விதி பெயரைப் பார்ப்பதில்லை, நடப்பதைப் பார்க்கிறது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30க்குள், உங்கள் குடும்பத்தைச் சேராத ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ விளையாட்டும் பொழுதுபோக்குமாகக் கூடினால் அது முகாம்தான். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான். போதாததற்கு முகாம் என்று நீங்களே விளம்பரமும் செய்துவிட்டீர்கள்.

கரிசல்காட்டான், உங்கள் முதல் சிக்கல் தேதி. திறக்கும் நாளுக்கு 90 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். ஜூலை 13க்கு அது ஏப்ரல் 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. பிந்தியதை ஏற்பதும் மறுப்பதும் டவுன் கையில். சண்டை போடாமல் நேரில் போய்ப் பேசுங்கள்.

இரண்டாவது, டைரக்டர். முகாம் நடக்கும் நேரம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். முகாம் நிர்வாகப் படிப்பு முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பகல்நேர முகாம் நிர்வாகத்தில் இரண்டு சீசன் இருந்திருக்க வேண்டும். பத்து வருடம் தமிழ் வகுப்பு எடுத்தேன் என்பது இங்கே செல்லாது. வட்டம் போட்டதில் இதுதான் பெரியது, இதற்கு முதலில் ஆள் தேடுங்கள்.

கரிசல்காட்டான்

நன்றி அக்கா. 90 நாள் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது. கன்சல்டன்ட்டுக்கு எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், போதுமா? சிலம்பம் சொல்லித்தர மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமனார் தயார். உதவிக்குப் பத்தாவது படிக்கும் பிள்ளைகள் நாலு பேர்.

நைட்ஷிஃப்ட் நர்ஸ்

பல் டாக்டர் ஆகாது. இந்த மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர் அல்லது ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் வேண்டும். பிள்ளைகள் மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகாமில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, மருத்துவக் கொள்கையைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். முகாமிலேயே இருக்க வேண்டியவர் ஹெல்த் கேர் சூப்பர்வைசர்: 18 வயது, முதலுதவியும் சிபிஆரும் (நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்திச் செய்யும் உதவி) தெரிந்தவர்.

மருந்து விஷயத்தில் நம் ஆட்களிடம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன வருடம் நான் உதவிய முகாமில் ஓர் அம்மா பையனின் இருமல் மருந்தைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, மேலே மாஸ்கிங் டேப்பில் "2 மூடி" என்று எழுதி அனுப்பியிருந்தார். எந்த மருந்து, எந்த மூடி? அதைக் கொடுக்கவே முடியாது. மருந்து எதுவானாலும் அசல் பாட்டிலில், டாக்டர் எழுதிக் கொடுத்ததென்றால் பார்மசி லேபிளோடு வர வேண்டும். பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். ஃப்ளாஸ்கில் சுக்குக் கஷாயமும் வரும், இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏரிக்கரை அக்கா

மாமனார் விஷயம். சம்பளம் இல்லாத தன்னார்வலருக்கும் பின்னணிச் சோதனை உண்டு. கோரி என்பது குற்றப்பதிவு, சோரி என்பது பாலியல் குற்றவாளிப் பதிவேடு. இரண்டும் வந்து, படித்து முடிவெடுத்த பிறகுதான் ஆள் உள்ளே வரலாம். மாமனாரின் நிரந்தர முகவரி மதுரை என்பதால் இங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்பார்களா, விசிட்டர் விசாவில் இருப்பவர் இதைச் செய்யலாமா, இரண்டையும் முன்கூட்டியே விசாரியுங்கள். வேறு சிலம்ப ஆசிரியர் கிடைத்தால் நிம்மதி.

பத்தாவது பிள்ளைகள்: பகல்நேர முகாமில் கவுன்சிலருக்கு, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு, 16 வயது, ஜூனியர் கவுன்சிலருக்கு 15. பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைவிட மூன்று வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். ஆறு வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர். உங்கள் 8 வாண்டுகளுக்கு இருவர், மீதி 24 பேருக்கு மூவர். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் கணக்கு உதைக்கும், ஆறேழு பேராக வைத்துக்கொள்ளுங்கள்.

மோர்க்குழம்பு

சரி, பட்டறை யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவசரத் திட்டம் என்றால் என்ன, தீ பிடித்தால் வெளியே ஓடு, அதுதானே?

ஏரிக்கரை அக்கா

அதற்கு ஃபயர் டிபார்ட்மென்ட் ஒப்புதல் வேண்டும். அதோடு பிள்ளை காணாமல் போனால், தண்ணீரில் காணாமல் போனால், வண்டிகள் வந்து போகும் வழி என்று தனித்தனித் தாள். நம் ஆட்கள் சிரிக்கும் ஒன்றும் உண்டு: பெயர் கொடுத்த பிள்ளை வராவிட்டால் என்ன செய்வீர்கள், பெயர் கொடுக்காத பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதித் தர வேண்டும். சிரிக்காதீர்கள். "அக்கா, ஊரிலிருந்து தங்கச்சி பையன் வந்திருக்கான், ஒரு நாள் மட்டும்" என்று காரை அணைக்காமலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். அவனுடைய தடுப்பூசித் தாள் யாரிடம் இருக்கிறது? ஒவ்வாமை யாருக்குத் தெரியும்?

ஏரியை இந்த வருடம் விட்டுவிடுங்கள் என்பேன். 25 பேருக்கு ஒரு லைஃப்கார்டு (தண்ணீரில் இறங்குபவர்களைக் காக்கும் ஆள்), அதற்கு மேல் கவுன்சிலர்கள். 2012இல் வந்த கிறிஸ்டியன்ஸ் லா என்ற சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் சோதனை, நீந்தத் தெரியாதவர்களுக்கு அளவான லைஃப் ஜாக்கெட். முதல் வருடத்தில் இது அதிகப்படி. புல்வெளியில் ஸ்பிரிங்க்ளர் போட்டாலே பிள்ளைகள் ஆடித் தீர்ப்பார்கள்.

ஃப்ளையரிலும் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். மாநிலச் சுகாதாரத் துறை விதிக்கு உட்பட்டது, உள்ளூர் சுகாதாரக் குழுவின் லைசென்ஸ் பெற்றாக வேண்டும் என்று அச்சிட வேண்டும். பின்னணிச் சோதனை, மருத்துவம், ஒழுங்குமுறை பற்றிய கொள்கைகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை இருப்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

கரிசல்காட்டான் (ஏப்ரல் 30)

நிலவரம் சொல்கிறேன். டவுன் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மாள் அரை மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னார். ஜூலை தேதிக்கு விதிவிலக்கு இல்லை என்றார். ஆகஸ்ட் 3க்கு மாற்றினோம். அதற்கு 90 நாள் கணக்கு மே 5, நேற்றே மறுபடி கொடுத்துவிட்டேன். முன்பு ஒரு முகாமில் மூன்று கோடை உதவி டைரக்டராக இருந்த ஒரு தெலுங்கு அம்மா பொறுப்பேற்கச் சம்மதித்தார். அவர் பெண்ணுக்கு இலவசமாகப் பறை வகுப்பு வேண்டுமாம். ஏரி கிடையாது. மாமனார் கோபமாக இருக்கிறார், கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக வந்தால் போதும் என்று சமாதானம் செய்திருக்கிறேன்.

மீதி ஒன்றுதான். வீட்டுச் சாப்பாடு கெடாமல் வைக்கக் குளிர்சாதன வசதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். ஹாலில் இருப்பது இடுப்பளவு ஃப்ரிட்ஜ், 32 தயிர்சாத டப்பா அதில் நிற்காது. ஐஸ் பெட்டி வைத்து யாராவது சமாளித்ததுண்டா?

நைட்ஷிஃப்ட் நர்ஸ்

உண்டு. டப்பாவுக்கு ஒரு ஐஸ் பேக் என்று பெற்றோரிடமே சொல்லிவிட்டோம், அதற்கு மேல் இரண்டு பெரிய கூலர். இன்ஸ்பெக்டரிடம் முதலில் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். டப்பா மறந்து வரும் பிள்ளைக்கும் சேர்த்து ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதையும் கேட்பார்கள்.