1986 புல்லட்: ஓடுவது 60, புது மீட்டர் காட்டுவது 43

பார்வதிபுரத்தான்:

வணக்கம். நாகர்கோவில் பார்வதிபுரத்தில் இருக்கிறேன். அப்பா 1986-இல் வாங்கிய புல்லட் 350, இன்னும் 6 வோல்ட்தான். போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் ஆவி கட்டியது. முள் முதலில் 30-க்கும் 50-க்கும் நடுவில் ஆடியது, அப்புறம் 20-இலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் கிலோமீட்டர் எண்கள் மட்டும் ஒழுங்காக ஓடின. 61,842 வந்தபோது கழற்றிவிட்டுப் புது மீட்டர் மாட்டினேன், கூடவே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா (பிளஸ்), இறங்குகிறதா (மைனஸ்) என்று காட்டும் ஆம்பியர் மீட்டரும்.

சுசீந்திரம் தாண்டிக் கன்னியாகுமரி போகும்போது பின்னால் இருந்த அப்பா தோளைத் தட்டி, "நாப்பதுல வேட்டி இப்படி அடிக்காதுலே" என்றார். போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் 60, மீட்டரில் 43. முள்ளைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி மாட்டினால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? ஆம்பியர் மீட்டரும் எஞ்சினை முறுக்கினால் மைனஸ் பக்கம் சாய்கிறது.

பழைய மீட்டரை அப்பா துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறார். அந்த 61,842-உம் அவர் ஓட்டியது. அது போய்விடக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

தக்கலை ஒர்க்ஷாப்:

தம்பி, முள்ளைத் தொடாதீர்கள். தள்ளி மாட்டினால் 60-இல் சரியாகும், 30-இல் தப்பாகும், வண்டி நிற்கும்போது பூஜ்யத்துக்கும் வராது.

முதலில் 10 கிலோமீட்டர் ஓட்டி, புது மீட்டரில் எத்தனை ஏறுகிறது என்று பாருங்கள். கிலோமீட்டர் எண்கள் பல்சக்கரத்தில் ஓடுபவை. முள் அப்படி இல்லை. முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும், அந்த இழுப்பில் அலுமினியக் கிண்ணம் திரும்பப் பார்க்கும், மயிரிழை போல ஒரு சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். எண்கள் சரி, முள் மட்டும் தப்பு என்றால் கோளாறு காந்தத்திலோ வில்லிலோதான். இரண்டும் ஒரே அளவில் குறைந்தால், அந்த மீட்டர் வேறு கணக்குக்குச் செய்தது.

பெரும்பாலான டயலில் பொடி எழுத்தில் 1000, 1400 என்றோ W=1 என்றோ இருக்கும். W=1 என்றால் மீட்டருக்கு ஒரு சுற்று, அதாவது கிலோமீட்டருக்கு 1000. கேபிள் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். உங்கள் வண்டி எத்தனை சுற்றுகிறது என்பதை வீட்டு வாசலிலேயே எண்ணலாம். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்ளே சுற்றும் கம்பியின் (இன்னர்) நுனியில் ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டுங்கள். முன் டயரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆள் பாரத்தில் டயர் அமுங்குவதும் கணக்குத்தான். சக்கரம் 10 சுற்று வரும்வரை தள்ளிக்கொண்டே கொடியை எண்ணி, தரையில் தூரத்தை அளங்கள்.

பழைய மீட்டர் செத்துப்போகவில்லை. எண்கள் ஓடி முள் மட்டும் ஒட்டியிருக்கிறதே! யாரோ கேபிள் முழுக்கக் கிரீஸ் அப்பியிருப்பார்கள். மேல்நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸே கூடாது. சுற்றச் சுற்ற அது மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

குளச்சல் கரை:

ஆம்பியர் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வயரையும் மாற்றி மாட்டுங்கள், அவ்வளவுதான். ஆனால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வண்டியின் கரண்ட் பெரும்பாலும் அந்த இரண்டு நட்டு வழியாகத்தான் போகிறது. ஒன்று தளர்ந்து எங்கள் அண்ணன் வண்டி மண்டைக்காடு பக்கம் ராத்திரியில் மொத்தமாக அணைந்துவிட்டது. ஹெட்லைட் டூமைத் திறந்தால் டெர்மினல் உருகிக் கிடந்தது. நல்ல வாஷர் போட்டு இறுக்குங்கள்.

கண்ணாடி ஆவிக்கு, விளிம்பு ரப்பரை மாற்றுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் அது கல்லாகிவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை மட்டும் மீட்டரில் பூசாதீர்கள், அந்த ஆவி உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும்.

பார்வதிபுரத்தான்:

எண்ணிவிட்டேன். அப்பா வண்டியில் உட்கார, நானும் தம்பியும் தள்ளினோம். சக்கரம் 10 சுற்றுக்கு 20.4 மீட்டர், கொடி 20 சுற்று முடிந்து அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது கிலோமீட்டருக்கு 1000. புது மீட்டரில் முள்ளுக்கு அடியில் 1400 என்று போட்டிருக்கிறது! 10 கிலோமீட்டருக்கு 7-தான் ஏறியது. வயரை மாற்றியதும் ஆம்பியர் மீட்டர் சரியாகிவிட்டது.

பழையதைத் திறந்து சுத்தம் செய்தால், முள் சரியாகக் காட்டுகிறதா என்று வண்டியில் மாட்டாமல் பார்க்க முடியுமா?

தக்கலை ஒர்க்ஷாப்:

முடியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரில்லில் இன்னர் துண்டு ஒன்றைப் பிடித்து மீட்டரைச் சுற்றுங்கள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேபிளில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் 60 காட்ட வேண்டும், 500 என்றால் 30. சுற்றை அளக்க டேகோமீட்டர் வேண்டும், கண்மதிப்பு உதவாது.

முள்ளைக் கழற்ற வேண்டி வந்தால், முதலில் அதை மெதுவாகத் தூக்கிப் பூஜ்யத்து ஆணியைத் தாண்டி விடுங்கள். வில் தளர்ந்து அது தானாக நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் புள்ளியில் மாட்டி, பிறகு ஆணிக்கு மேலே ஏற்றுங்கள். இதை விட்டால் அளவே போய்விடும். நேரம் இருந்தால் தக்கலைக்கே கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

பார்வதிபுரத்தான்:

அண்ணாச்சி, நேற்று உங்கள் பட்டறையில் பார்த்ததை மற்றவர்களுக்காக எழுதிவிடுகிறேன். கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் தேன் மாதிரி பழுப்புக் கிரீஸ் இருந்தது. பஞ்சுக் குச்சியால் துடைத்ததும் முள் துள்ளி எழுந்தது. டிரில்லில் 1000-க்கு 59, 500-க்கு 30. முள்ளைக் கழற்றவே இல்லை. கேபிளும் விளிம்பு ரப்பரும் புதிது.

புது மீட்டர் இருந்த நாட்களில் அது காட்டியது 210. அதை 1.4-ஆல் பெருக்கி, 294 கிலோமீட்டர் என்று சர்வீஸ் நோட்டில் தேதி போட்டு எழுதியாயிற்று. கடையில் மீட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இன்று காலை 61,842 புரள்வதைப் பார்க்க அப்பாவே வெட்டூர்ணிமடம் வரை ஓட்டிப்போய் வந்தார்.