எல்டன் ரிங்: எந்த கிளாஸில் தொடங்கலாம், பாயிண்ட் எங்கே வீணாகிறது?

கல்தச்சன்:
எல்டன் ரிங் வீடியோ கேமில் பத்து கிளாஸில் (தொடக்கப் பாத்திர வகை) எதை எடுத்தாலும் பின்னால் எந்த ஆயுதமும் எந்த மந்திரமும் கைவிட்டுப் போகாது. அதனால் கவசத்தின் அழகைப் பார்க்காமல் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுட்டு எடுங்க. எந்த கிளாஸானாலும் எட்டு ஸ்டாட்டையும் (பலம், உயிர் மாதிரி திறன் எண்கள்) கூட்டி, தொடக்க லெவலைக் கழித்தால் 79தான் வரும். வேகபாண்ட் கிளாஸ் தொடங்குவது 9ஆம் லெவலில், கூட்டுத்தொகை 88. ரெட்ச் 1ஆம் லெவல், எட்டும் பத்துப் பத்து, ஆக 80. யாருக்கும் எதுவும் இனாம் இல்லை. உங்க பில்டு (நீங்க வளர்க்கிற பாத்திரம்) தொடவே தொடாத ஸ்டாட்டில் எத்தனை பாயிண்ட் முடங்குது என்பதுதான் வித்தியாசம்.

மூன்வெயில் கட்டானாவை எடுத்துக்கோங்க. ஸ்ட்ரெங்த் (பலம்) 12, டெக்ஸ் (கைத்திறன்) 18, இன்ட் (மந்திர அறிவு) 23 வேணும். ப்ரிசனருக்கு (11, 14, 14) இன்னும் 14 பாயிண்ட்; லெவலுக்கு ஒரு பாயிண்ட், தொடக்கம் 9ஆம் லெவல், ஆக 23ஆம் லெவலில் கையில் பிடிக்கலாம். அஸ்ட்ராலஜருக்கு 17 பாயிண்ட் வேணும், ஆனா அது 6ஆம் லெவலில் தொடங்குவதால் அதுவும் 23தான். ஒரே லெவல், ஆனா ப்ரிசனருக்கு விகரும் (உயிர்) எண்டுரன்ஸும் (தெம்பு, எடை தாங்கும் திறன்) இரண்டிரண்டு கூட. அஸ்ட்ராலஜருக்கு மைண்ட் (மந்திரச் சக்தி) மூணு கூட. கட்டானாவோடு கிட்டப் போய் அடிக்கிறவருக்கு முதல் இரண்டுதான் தேவை. எல்லோரும் கை காட்டும் சாமுராய் இங்கே 26ஆம் லெவல் வரை காத்திருக்கணும். விகர் 12, எண்டுரன்ஸ் 13 என்று அந்த மூணு லெவலும் உடம்பில்தான் இருக்கு, அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

தெற்குவாசல்:
அண்ணே, கணக்கு சரி. ஆனா புதுசா வர்றவங்க திணறுறது முதல் ரெண்டு மணி நேரத்துல. அங்க ஸ்டாட்டைவிட கையில இருக்கிற சாமான்தான் காப்பாத்தும். சாமுராய்க்கு உச்சிகட்டானா, நீண்ட வில், அம்பு எல்லாம் கூடவே வருது. உச்சிகட்டானால ரத்தக்கசிவு இருக்கறதால பெரிய உடம்புக்காரங்களுக்கும் உயிரில் ஒரு பங்கு மொத்தமா கழியும். எலும்புக்கூடுங்க மாதிரி சில எதிரிங்ககிட்ட அது எடுபடாது.

வேகபாண்ட் எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. போட்டிருக்கிறதை அப்படியே விட்டா மொத்த எடை 70 சதவீதத்தைத் தாண்டும், உருளும்போது தொப்புன்னு விழுவான். எதிரி அடிக்கிற வேகத்துக்கு அது ஆகாது. ஹால்பர்டை (நீளக் கோடாரி ஈட்டி, எடை 8) கழட்டி மூட்டையில போட்டாலே நடுத்தர உருளலுக்கு வந்துடும். எண்டுரன்ஸ்ல பாயிண்ட் போட வேண்டாம், அஞ்சு நொடி வேலை.

நீலக்கோல்:
மந்திரப் பக்கம் யாரும் வரலையே. அஸ்ட்ராலஜரின் சிக்கல் இன்ட் இல்லை, உயிர். விகர் 9க்கு 396, வேகபாண்டுக்கு 522. ஆரம்பத்தில் இந்த இடைவெளி ஒரு அடிக்குச் சமம்.

இன்ட் 16ஐ 18 ஆக்க இரண்டே பாயிண்ட். ஆக்கியதும் குதிரையில் கேலிட் பகுதிக்குப் போய், எயோனியா சதுப்பில் இருக்கும் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளில் மீட்டியரைட் கோலை எடுங்க. இன்ட் ஸ்கேலிங் (இன்ட் ஏற ஏற பலம் கூடும் அளவு) எஸ், அதுதான் உச்ச தரம். மேம்படுத்த முடியாது, அதாவது கல் தேட வேண்டிய தொல்லையும் இல்லை. அதே இடிபாட்டின் நிலவறையில் ராக் ஸ்லிங் மந்திரம் இருக்கு, அதுக்கும் இன்ட் 18தான். இந்தக் கோல் ஈர்ப்பு மந்திரங்களுக்குக் கூடுதல் பலம் தருவதால் இரண்டும் சோடி சேரும். சதுப்பில் இறங்கி நடந்தால் ராட் (உயிரைக் கரைக்கும் அழுகல்) ஏறும், குதிரையை விட்டு இறங்காமல் இடிபாட்டு மேடு வரை ஓட்டுங்க. அதுக்கப்புறம் இன்ட்டை நிறுத்திட்டு விகரை 20க்குக் கொண்டுபோங்க. மந்திரவாதிகள் பண்ணாமல் விடுவது இதைத்தான்.

கல்தச்சன்:
விகர் கணக்கையும் சொல்லிடறேன். 25இல் உயிர் 800, 40இல் 1450, 60இல் 1900, 99இல் 2100. 25இலிருந்து 40 வரை ஒரு பாயிண்டுக்கு 43க்கு மேல். 40 தாண்டினால் 22 சொச்சம். 60க்கு மேல் வெறும் ஐந்து, அங்கே போடுவது ஆற்றில் போடுவது.

இரும்புச்சட்டி:
பெரிய வாள்காரங்களுக்கு: கேலிட் வண்டியில் கிடைக்கும் கிரேட்ஸ்வோர்டுக்கு ஸ்ட்ரெங்த் 31, டெக்ஸ் 12 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும், அதனால் 21 போதும். ஹீரோ 15ஆம் லெவலில் தொடுவார், வேகபாண்ட் 16இல். வாளின் எடை 23, எனவே கவசத்தைக் குறைக்கணும், இல்லாவிட்டால் தெற்குவாசல் சொன்ன தொப்புதான். தேவைக்குக் குறைவான ஸ்டாட்டோடு ஆயுதம் பிடித்தால் அடி பாதாளத்துக்குப் போய்விடும், கிளாஸ் மேல் பழி போடுறவங்க பலர் முதலில் இதைத்தான் பார்க்கணும்.

இன்னொண்ணு: 30ஆம் லெவல் வரை அடியைக் கூட்டுவது ஸ்டாட் இல்லை, கல். சாதாரண ஆயுதம் +3 ஆக ஸ்மிதிங் ஸ்டோன் (ஆயுதத்தை மேம்படுத்தும் கல்) முதல் ரகத்தில் 2, 4, 6 என்று மொத்தம் 12. சர்ச் ஆஃப் எல்லே பட்டறையிலேயே அதுவரை போகும், அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டில் கொல்லன் ஹ்யூக்கிடம் போகணும். மூன்வெயில் மாதிரி சோம்பர் ஆயுதத்துக்கு (தனி ரகக் கல் கேட்கும் சிறப்பு ஆயுதம்) படிக்கு ஒரே கல், +10 வரைதான். மற்றது +25 வரை. +10ஐயும் +10ஐயும் ஒப்பிட்டு ஏமாறாதீங்க.

தெற்குவாசல்:
ரென்னாலாங்கிற பாத்திரத்துக்கிட்ட போய் ஸ்டாட்டை மாத்திக்கலாம்னு சொல்வாங்க. மாத்தலாம், ஆனா தடவைக்கு லார்வல் டியர்ங்கிற பொருள் ஒண்ணு வேணும், அது எண்ணிக்கையாத்தான் கிடைக்கும். அதோட தொடக்க ஸ்டாட்டுக்குக் கீழ இறக்க விடாது. அஸ்ட்ராலஜரா ஆரம்பிச்சு கிரேட்ஸ்வோர்டுக்கு மாறினா இன்ட் 16 அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், ஹீரோவுக்கு அது 7. ஒன்பது பாயிண்ட் போச்சு. கதையை மட்டும் முடிக்கிறவங்களுக்கு அது தெரியாது. 150ல லெவலை நிறுத்தி மத்தவங்களோட மோதுறவங்க மட்டும் இப்பவே கணக்குப் போடுங்க.