ஸ்ட்ரோக்ஸ்டவுன் மஹோன் குடும்பம்: நிலக் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி:
அயர்லாந்தின் ராஸ்காமன் கவுண்டியில், ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஊரை மையமாகக் கொண்டு மஹோன் குடும்பம் வைத்திருந்த நிலங்களை, 18ஆம் நூற்றாண்டு முதல், குடியானவர் நிலத்தை வாங்க வழிசெய்த நிலச் சட்டங்கள் வரை, டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) வாரியாகத் தொகுக்க வேண்டும். பழைய குத்தகைப் பத்திரத்தில் உள்ள பரப்பும் கிரிஃபித் மதிப்பீட்டில் (வரிக்காக நிலங்களை மதிப்பிட்ட அரசுப் பட்டியல்) உள்ள பரப்பும் ஒரே டவுன்லேண்டுக்கே பொருந்தவில்லை. சில இடங்களில் குத்தகைக்கு விட்டவர் என்று வேறொரு பெயர் இருக்கிறது. நிலம் கைமாறிவிட்டதா?

பதில் 1:
முதலில் அளவையைப் பாருங்கள். பழைய பத்திரங்களில் வருவது பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர். அதற்கு ஒரு பெர்ச் (நீள அளவு) 7 கெஜம். சட்டம் நிர்ணயித்த ‘சட்ட ஏக்கருக்கு’ 5½ கெஜம். இரண்டையும் வர்க்கமாக்கி 49ஐ 30.25ஆல் வகுத்தால் சுமார் 1.62. ஆகவே 100 ஐரிஷ் ஏக்கர், 162 சட்ட ஏக்கர். கிரிஃபித் (1847–1864) சட்ட ஏக்கரில்தான் இருக்கும். ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று பத்தியாக வருவதைத் தசமம்போலக் கூட்டாதீர்கள்: 40 (சதுர) பெர்ச் 1 ரூட், 4 ரூட் 1 ஏக்கர்.

மாற்றிய பிறகும் இடித்தால், சதுப்பு நிலத்தைத் தேடுங்கள். பல பழைய குத்தகைகளில் விளைநிலத்தை மட்டுமே அளந்து எழுதினார்கள்.

பதில் 2:
வேறு பெயர் இருப்பதால் மட்டும் விற்றுவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். கிரிஃபித் காட்டுவது குடியானவருக்கு நேர் மேலே இருந்தவரை. அவர் மஹோனிடம் குத்தகை எடுத்து உள்குத்தகைக்கு விட்ட இடைக்காரராக இருக்கலாம்.

இதைத் தீர்க்க டப்ளின் பத்திரப் பதிவகம்தான் வழி. 1708இல் தொடங்கியது. 1922இல் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்த ஆவணக் காப்பகத்தோடு சேராததால் தப்பியது. அங்கே கொடுத்தவர் பெயர் அட்டவணையும் இட அட்டவணையும் உண்டு. பெற்றவர் பெயருக்கு அட்டவணை இல்லை. மஹோன் குத்தகை எடுத்த நிலமென்றால் கொடுத்தவர் பெயரில் தேட வேண்டும். 1833க்கு முந்தைய பெயர் அட்டவணையில் இடமும் இராது, ஒவ்வொரு பதிவையும் திறந்தே பார்க்க வேண்டும்.

குடும்பத்தின் பெயரும் மாறியது. 1800இல் ஹார்ட்லாண்ட் பிரபுப் பட்டம் வந்தது. 1845இல் வாரிசின்றி அற்றது. அப்போது சொத்தைப் பெற்ற டெனிஸ் மஹோனின் மகள் பேக்கன்ஹாம் குடும்பத்தில் மணந்தபின் குடும்பப் பெயர் பேக்கன்ஹாம் மஹோன் ஆனது. மூன்றின் கீழும் தேடுங்கள். பாலிகில்க்ளைன் என்ற டவுன்லேண்ட் அரசுடைமை, மஹோன் குடும்பம் குத்தகைக்கு வைத்திருந்தது. அது 1834இல் முடிந்ததால் அதன்பின் அவர்கள் கணக்கில் வராது.

கேட்டவர்:
1830களில் இருந்த குடியானவர் பெயர்கள் கிரிஃபித்தில் பாதிகூட இல்லையே?

பதில் 3:
இடையில் 1840களின் பெரும்பஞ்சம். 1843 சட்டப்படி 4 பவுண்டுக்கு மேற்படாத மதிப்புள்ள நிலங்களுக்கு ஏழைவரியை (ஏழைகள் உதவிக்கான வரி) நிலவுடைமையாளரே கட்ட வேண்டும். வாடகை நின்றபோதும் வரி ஏறியது. சிறு குடியானவர்களை வெளியேற்ற அதுவே தூண்டியது. 1845இல் சொத்தைப் பெற்ற டெனிஸ் மஹோன் 1847இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கப்பலில் கியூபெக்குக்கு அனுப்பினார். வழியிலும் கரையிலும் ஏராளமானோர் இறந்தார்கள். அந்த நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர்கள் மறைந்ததை வெறும் எழுத்துப் பிழையாக விட்டுவிடாதீர்கள், அவை மனிதர்கள்.

பஞ்சத்துக்கு முந்தைய நிலைக்கு டைத் (தேவாலயத்துக்கான வரி) புத்தகங்களைப் பாருங்கள் (1823–1837). நிலமில்லாக் கூலிகள் அதில் வரமாட்டார்கள். கிரிஃபித்தின் பவுண்டு மதிப்பு வரிக்கானது, அதை வாடகையாகக் கணக்கிடாதீர்கள். பேக்கன்ஹாம் மஹோன் ஆவணங்கள் அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. வாடகைப் பதிவுகளை அங்கே பாருங்கள்.

குடியானவர் அரசுக் கடனில் நிலத்தை வாங்க வழிசெய்த 1903 விண்டம் சட்டப்படி விற்ற பகுதி இருந்தால், விலையில் 12% கூடுதல் தொகையை அரசு விற்றவருக்குக் கொடுத்தது. குடியானவர் ஆண்டுக்கு 3¼% வீதம் 68½ ஆண்டு கட்டினார். அரசிடம் விற்றுவிட்டு மாளிகையைச் சுற்றிய சொந்த நிலத்தை அதே சட்டப்படி திரும்ப வாங்கியவர்களும் உண்டு. ஒரே நிலம் விற்பனையிலும் கொள்முதலிலும் வந்தால் இருமுறை கூட்டாதீர்கள்.