பெருமரங்களைப் போர்த்தியிருக்கும் மாஸும் லிவர்வொர்ட்டும் மரத்துக்குத் தீங்கு செய்பவையா?

வனநேசன் (கேள்வி):

மூடுபனி தவழும் மலைக்காடுகளில், முதிர்ந்த பெருமரங்களின் அடிமரத்தையும் கிளைகளையும் மாஸும் லிவர்வொர்ட்டும் (பூக்காத சிறு பச்சைத் தாவரங்கள்) பட்டையே கண்ணில் படாதபடி போர்த்தியிருப்பதைப் பார்க்கிறோம். இவை மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றன, பட்டையை அழுக வைக்கின்றன, ஆகவே சுரண்டி எடுத்துவிடுவதே மரத்துக்கு நல்லது என்று காட்டோடு பழகியவர்களே சிலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டுப்போகும் கிளைகளில் இவை மிகுந்து காணப்படுவதை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? இன்னோர் ஐயமும் உண்டு. பின்னிப் பிணைந்து கிடக்கும் இவ்விரண்டையும் ஒரு கைவில்லையை (கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடியை) மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிய முடியுமா?

இலைத்துளி (பதில்):

இவை ஒட்டுண்ணிகள் அல்ல, தொற்றுத் தாவரங்கள்; அதாவது மரத்தின் மேல் இடம் மட்டும் பிடித்து வாழ்பவை. மாஸுக்கும் லிவர்வொர்ட்டுக்கும் வேர் கிடையாது. பற்றிக்கொள்வதற்கு மயிரிழை போன்ற வேரிகள் மட்டுமே உண்டு, அவை பட்டையைத் தாண்டி மரத்தின் சாற்றுக்குழாய்களை எட்டுவதில்லை. இவற்றின் இலைகள் பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணு அடுக்கின் கனமே கொண்டவை என்பதால், மழைநீரும் மூடுபனியும் அவற்றில் கரைந்துவரும் உப்புகளும் இலையின் பரப்பு வழியாகவே நேராக உள்ளே செல்கின்றன. உணவைத் தாமே ஒளிச்சேர்க்கையில் செய்துகொள்கின்றன.

பட்டுப்போகும் கிளையைச் சான்றாகக் காட்டுவதில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன. கிளை நோயுற்று இலையுதிர்த்ததும் அங்கே வெளிச்சம் கூடுகிறது; வெளிச்சம் கூடியதால் மாஸ் செழிக்கிறது. மெத்தைபோல் திரண்ட மாஸ் நனைந்தால் நல்ல கனம் கனக்கும் என்பதும், ஏற்கெனவே உளுத்த கிளையை அந்தச் சுமை முறித்துவிடக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்காக உறுதியான மரங்களைச் சுரண்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

மலைக்காட்டில் ஏன் இவ்வளவு மிகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீரைத் தேக்கிக் காத்துக்கொள்ளும் அமைப்பு இவற்றுக்கு இல்லாததால், காற்று உலர்ந்தால் இவையும் உலர்ந்து உயிர்ச்செயல்களை நிறுத்திவைக்கின்றன. நனைந்ததும் மீண்டும் தொடங்குகின்றன. வெப்பமான தாழ்நிலக் காடுகளில் பகலில் விரைவில் காய்ந்துவிடுவதாலும், இரவின் வெப்பத்தில் சுவாசம் மிகுந்து சேர்த்ததெல்லாம் செலவாகிவிடுவதாலும் இவை மெத்தையாகத் திரள்வதில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குளிர்ந்த இரவும் ஓயாத மூடுபனியும் உள்ள மலைச்சரிவில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

கவடு (பதில்):

தீங்கில்லை என்பதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மாஸ் மெத்தையின் அடிப்பகுதி நாளடைவில் மட்கி, கிளையின் மேலேயே மண்ணாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பத்தின் மழைக்காடுகளில் பேரிலை மேப்பிள் மரங்களின் மேலேறி ஆய்ந்த சூழலியலாளர் நளினி நட்கர்னி, மரம் தன் கிளைகளிலிருந்தே வேர்விட்டு அந்த மண்ணுக்குள் பரப்பியிருப்பதைக் கண்டு 1981-இல் வெளியிட்டார். மெத்தையை மெல்ல விலக்கினால், கரிய மட்குக்குள் மரத்தின் சொந்த வேர்களே நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து ஓடுவதைக் காணலாம். தரையிலுள்ள வேரிலிருந்து பல மீட்டர் உயரத்தில், தன் தோளிலேயே சேர்ந்த மண்ணிலிருந்து மரம் நீரும் சத்தும் எடுத்துக்கொள்கிறது! மரத்திடமிருந்து மாஸ் திருடுகிறது என்று நினைத்துச் சுரண்டுகிறவர், உண்மையில் மரத்தின் கைக்கெட்டிய உணவையே பிடுங்கி எறிகிறார்.

மேலும், இந்த மெத்தைகளில் தங்கும் நீலப்பசும்பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலைநிறுத்துகின்றன. அதில் ஒரு பங்கு, மெத்தை மட்கும்போது காட்டுக்குள் வந்து சேர்கிறது.

பச்சைவில்லை (பதில்):

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை போதும். தண்டில் இலைகள் அமைந்திருக்கும் வரிசையை முதலில் பாருங்கள். மாஸில் இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றிலும் அமைந்து, நுனி கூர்ந்து, நடுவில் ஒரு நரம்பு ஓடும். இலையுள்ள லிவர்வொர்ட்டில் தண்டின் இருபுறமும் இரண்டு வரிசையாகத் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கும், நரம்பு இராது, இலை பல இனங்களில் மடலாகப் பிளந்திருக்கும். திருப்பிப் பார்த்தால், அடியில் மூன்றாவதாகச் சிற்றிலைகளின் வரிசை ஒன்று பல இனங்களில் தென்படும். நரம்பில்லாத மாஸ்களும் உண்டு என்பதால், நரம்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. நாடா போல் தட்டையாகப் படர்ந்து, நடுவில் நரம்போடும் மெட்ஸ்கேரியாவைப் பார்த்தால் அது லிவர்வொர்ட் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வித்துப்பை கிடைத்தால் ஐயத்துக்கே இடமில்லை. மாஸின் வித்துப்பை விறைப்பான காம்பில் நின்று, மூடி கழன்றபின் பெரும்பாலும் வாயைச் சுற்றிப் பற்களைக் காட்டும். லிவர்வொர்ட்டின் வித்துப்பையோ கண்ணாடி போன்ற மென்காம்பில் திடீரென எழுந்து, பெரும்பாலும் நான்காகப் பிளந்து, சில நாட்களில் வாடிவிடும்.

பட்டையோடு ஒட்டிச் செம்பழுப்பாகப் படரும் ஃப்ரல்லேனியா என்ற லிவர்வொர்ட்டை அவசியம் பாருங்கள். அதன் ஒவ்வோர் இலைக்கும் அடியில் குட்டித் தலைக்கவசம் போன்ற மடல் ஒன்று இருக்கும்; அதில் நீர் தேங்கும், அந்த நீரில் ரோட்டிஃபர் போன்ற நுண்ணுயிர்கள் வாழும். ஆனால் வெறுங்கையால் தேய்க்க வேண்டாம். அதிலுள்ள வேதிப்பொருள்களால் மரம் வெட்டுவோருக்குத் தோல் அழற்சி வருவது மருத்துவத்தில் நெடுநாளாக அறியப்பட்டது.

வனநேசன்:

மூவருக்கும் நன்றி. கைவில்லையில் பார்க்க ஒரு சிறு திட்டைப் பெயர்த்தெடுத்தால் அது விரைவில் மீண்டும் வளர்ந்துவிடுமா?

கவடு (பதில்):

விரைவில் வளராது. கோஸ்டா ரிக்காவின் மான்டிவெர்டே மேகக்காட்டில் கிளைகளை வேண்டுமென்றே வெறுமையாக்கிப் பார்த்தபோது, மேற்புறத்தில் பழைய மெத்தை திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன. கிளை தடித்து, பட்டை வெடித்து, கவடுகளில் மட்கு தங்குவதற்கே மரத்துக்கு நெடுங்காலம் ஆகிறது. இளமரங்களில் இத்தகைய மெத்தையைக் காணாததற்கு அதுவே காரணம். மார்பிள்டு முர்ரெலெட் என்ற கடற்பறவை தன் ஒற்றை முட்டையை இடுவதற்குப் பெரும்பாலும் முதிர்ந்த ஊசியிலை மரங்களின் மாஸ் படர்ந்த தடித்த கிளைகளையே தேடி உள்நாட்டுக்கு வருகிறது. கலிபோர்னியாவில் 1974-இல் அதன் கூடு ஒன்று ஓங்கிய மரத்தின் கிளையில் அகப்படும்வரை, அது எங்கே கூடு வைக்கிறது என்பதே புதிராக இருந்தது.

ஆகவே நிற்கும் மரத்தில் கைவைக்காதீர்கள். பலத்த காற்றடித்த மறுநாள் காட்டுப்பாதையில் முறிந்து கிடக்கும் கிளைகளில் இரண்டு வகையும் தாராளமாகக் கிடைக்கும். உச்சிக்கிளைகளில் மட்டுமே வளரும் இனங்களும் அப்படித்தான் கைக்கு வரும். காடு பாதுகாக்கப்பட்டதாக இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லாமல், குனிந்து அங்கேயே பாருங்கள். காய்ந்திருந்தால் சில சொட்டு நீர் தெளித்துவிட்டுப் பாருங்கள், சுருண்ட இலைகள் விரிந்து கொடுக்கும்.